ஜல்லியைத் தோண்டுமுன்: கழிவுநீர்ப் படுகையில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

வீட்டுக் கழிவுநீரைச் செப்டிக் டேங்கில் அடங்கவிட்டு, பிறகு நாணலோ கல்வாழையோ நட்ட ஜல்லிப் படுகை வழியாகச் சுத்தம் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, ஜல்லிக்கு அடியிலேயே படுக்கைவாட்டில் நகர்ந்து, மறுமுனையில் வெளியேறுகிற வகைதான் வீடுகளில் அதிகம். பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறேன். மேலிருந்து ஊற்றி மணல் வழியாக வடியவிடும் செங்குத்துப் படுகைக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

என் படுகையில் முதல் தடவை தண்ணீர் மேலே ஏறி நின்றபோது மண்வெட்டியோடு நேராக ஜல்லிக்குள் இறங்கிவிட்டேன். இரண்டு நாள் முதுகொடிய வேலை. அலசித் திரும்பக் கொட்டிய ஜல்லி நாலே மாதத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. கோளாறு ஜல்லியில் இல்லவே இல்லை. செப்டிக் டேங்கின் வெளிவாயில், மிதக்கும் படலம் வெளியேறாமல் தடுக்க மாட்டியிருந்த டீ பைப் (T வடிவக் குழாய்) கழன்று உள்ளே விழுந்து கிடந்தது. மேலே மிதந்த எண்ணெய்ப் படலம் நேரே படுகைக்குள் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து என்ன அறிகுறி தெரிந்தாலும் தண்ணீர் வரும் வழியிலேயே நானும் பார்த்துக்கொண்டு வருகிறேன்: முதலில் வீடு, அடுத்து டேங்க், அப்புறம் நுழைவுக் குழாய், கடைசியில்தான் படுகை.

எதையும் தொடுமுன்

செப்டிக் டேங்கைத் திறக்கும்போது உள்ளே தலையை நீட்டாதீர்கள். யாரையும் உள்ளே இறக்கவும் இறக்காதீர்கள், ஒரு நிமிட வேலைதான் என்றாலும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமாகச் சேர்ந்த இடத்தில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை இல்லை என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே மாண்டுபோன கதைகள் ஏராளம். மூடியைத் திறந்து சற்று நேரம் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. இந்தக் குறிப்பில் வரும் எல்லா வேலையையும் வெளியே நின்றே செய்ய முடியும்.

உங்கள் படுகையின் கணக்கு ஒன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லிக்கு நடுவே உள்ள வெற்றிடம் மொத்தக் கொள்ளளவில் 35 முதல் 40 சதவீதம் இருக்கும். 10 சதுர மீட்டர் படுகையில் தண்ணீர் 50 செ.மீ. ஆழம் நின்றால், உள்ளே இருப்பது சுமார் 1,900 லிட்டர். வீட்டிலிருந்து நாளொன்றுக்கு 400 லிட்டர் வந்தால், நுழைந்த தண்ணீர் வெளியேற ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். ஆகவே இன்று நீங்கள் செய்யும் மாற்றம் நாளைக்கே தெரியாது. ஒரு மாற்றம் செய்தால் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஒரே நாளில் நான்கை மாற்றினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாமலே போகும்.

ஜல்லிக்கு மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான். தண்ணீர் எந்த இடத்தில் தேங்குகிறது என்பதை வைத்தே பாதிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

படுகை முழுக்க, வெளியேறும் முனை வரைக்கும் ஒரே மட்டத்தில் நின்றால் குற்றம் வெளிவாயில். அங்கே மட்டத்தை ஏற்றி இறக்க ஒரு திருகு எல்போவோ செங்குத்துக் குழாயோ இருக்கும். அதை ஐந்து செ.மீ. தாழ்த்திப் பாருங்கள். சில மணி நேரத்தில் மேற்பரப்பு வற்றிவிட்டால் யாரோ தெரியாமல் உயர்த்திவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருப்பதே முறை. தாழ்த்தியும் வற்றவில்லையென்றால் வெளிக்குழாயின் துளைகளுக்குள் வேர் புகுந்திருக்கும். குழாயின் முனை மூடியைக் கழற்றி, பிளம்பர்கள் அடைப்பெடுக்கும் கம்பிச் சுருளை விட்டு இழுத்தால் தாடிபோல் கொத்தாக வரும்.

மழைக்குப் பிறகு மட்டும் தேங்கி ஓரிரு நாளில் வற்றினால் கூரைத் தண்ணீரோ சரிவில் ஓடிவரும் தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. சுற்றுக் கரையை 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி, கூரைக் குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

நுழைவு முனையில் மட்டும், முதல் ஒரு மீட்டர் இரண்டு மீட்டரில் தேங்கி, மறுமுனை காய்ந்து கிடந்தால் அதுதான் உண்மையான அடைப்பு. டேங்கிலிருந்து தப்பிவரும் கசடில் பெரும்பங்கு அந்த முதல் பகுதியிலேயே தங்கிவிடும். இங்கே தோண்டத் தொடங்குமுன் ஒரே ஒரு பிடி ஜல்லி எடுத்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு, நுழைவுக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து அள்ளுங்கள். கல் தெரியாதபடி கறுப்பாக, வழுவழுப்பாக, இழுத்தால் நூல்போல் நீளும் கொழகொழப்பு ஒட்டியிருந்தால் அது நுண்ணுயிர்கள் உண்டாக்கிய சேறு. இதற்கு ஓய்வே மருந்து. விரல்களுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்று மணலோ, வழுக்கும் களிமண்ணோ தட்டுப்பட்டால் அது மண் அடைப்பு. கழுவாமல் கொட்டிய ஜல்லித்தூளோ, கரையிலிருந்து கரைந்து வந்த மண்ணோ காரணமாக இருக்கலாம். எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும் அது போகாது. அந்தப் பகுதி ஜல்லியை எடுத்து மாற்றத்தான் வேண்டும்.

ஓய்வு கொடுப்பது எப்படி? இரண்டு படுகை இருந்தால் ஒன்றை இரண்டு மூன்று வாரம் மூடிவிட்டு மற்றதை ஓட்டுங்கள். காற்றுப் பட்டுச் சேறு தானாகவே தின்னப்பட்டுச் சுருங்கும். ஒரே படுகைதான் என்றால் வெளிவாயை 15 முதல் 20 செ.மீ. தாழ்த்தி, அந்த வாரங்களில் துணி துவைப்பதையும் குளியல் தண்ணீரையும் முடிந்த மட்டும் குறையுங்கள். முழு ஓய்வு அளவுக்குப் பலன் இராது, ஆனாலும் மேற்பரப்பு திறந்துகொள்ளும். நுழைவில் 40 முதல் 80 மி.மீ. வரையிலான பெரிய கற்கள் இல்லாமல் நேரடியாகச் சிறு ஜல்லியில் குழாய் முடிகிறதென்றால், ஓய்வோடு நில்லாமல் அந்த அரை மீட்டரை மட்டும் பெரிய கல்லுக்கு மாற்றிவிடுங்கள். முழுப் படுகையையும் தோண்ட வேண்டிய நிலை மிகவும் அபூர்வம்.

ஆனால் இதையெல்லாம் செய்யுமுன் டேங்கைப் பாருங்கள். நீளமான கழி ஒன்றில் வெள்ளைத் துணியை அடியிலிருந்து மேல்வரை இறுக்கிச் சுற்றிக்கொள்ளுங்கள். மெல்ல இறக்கி, அடியைத் தொட்டதும் சில நிமிடம் அசைக்காமல் பிடித்துவிட்டு நேராகத் தூக்குங்கள். அடியில் எத்தனை செ.மீ. கறுப்பாகப் படிந்திருக்கிறதோ அதுதான் கசடின் உயரம். அதோடு மேலே மிதக்கும் படலத்தின் தடிமனையும் கூட்டுங்கள். இரண்டும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் கசடு எடுக்கும் காலம் வந்துவிட்டது. வெளிவாய் டீ பைப் இருக்கிறதா, அதன் கீழ்க்கால் படலத்தைத் தாண்டித் தெளிந்த தண்ணீருக்குள் இறங்குகிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

டேங்கும் நன்றாக இருந்து, ஜல்லியும் சுத்தமாக இருந்தும் தண்ணீர் தேங்கினால் வீட்டிலிருந்தே அளவுக்கு மீறி வருகிறது. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகினாலே நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் சேர்ந்துவிடும். தொட்டிக்குள் கொஞ்சம் உணவுச் சாயம் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே கோப்பையில் சாயம் தெரிந்தால் திருடன் அகப்பட்டான்.

ஒரு தவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். செடி நன்றாக வரட்டும் என்று ஜல்லிமேல் மண் பரப்பாதீர்கள். 1970களில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் கிக்குத் இந்த முறையைப் பெரிய அளவில் செய்தபோது களிமண் கலந்த மண்ணையே படுகையாக வைத்தார். வேர்கள் மண்ணைத் துளைத்து வழி உண்டாக்கும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலாகவே ஓடியது. பிறகு வந்தவர்கள் ஜல்லிக்கு மாறியதற்கு அந்த அனுபவமே காரணம். கழிவுநீரில் சத்துக்குக் குறைவில்லை. கல்வாழைக்கு வெறும் ஜல்லியே போதும்.

நாற்றம் அடிக்கிறது

மூக்கால் இடத்தைப் பிடியுங்கள். காற்றில்லாத விடியற்காலையில் டேங்கிலிருந்து வெளிவாய் வரை மெதுவாக நடந்தால் எங்கே அதிகம் என்று தெரிந்துவிடும்.

டேங்கின் காற்றுக் குழாய் அருகில் என்றால் குழாய் குட்டையாக இருக்கிறது. கூரைக்கு மேலே உயர்த்துங்கள். வீட்டுக்குள்ளேயே அடித்தால் படுகையைக் குறை சொல்லாதீர்கள்: தரைச் சல்லடையின் கீழுள்ள நீர்ப்பூட்டில் தண்ணீர் வற்றியிருக்கும். படுகையின் மேல் அடித்தால் எங்கோ தண்ணீர் வெளியே தெரிகிறது, மேலே சொன்ன பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

வெளிவாயில் மட்டும் கூமுட்டை வாடை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படுக்கைவாட்டுப் படுகைக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் லேசான வாடை இருப்பது நோயல்ல. தண்ணீரில் இயல்பாகவே சல்ஃபேட் அதிகமுள்ள இடங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இதுவரை இல்லாமல் திடீரென்று கிளம்பினால்தான் கவனிக்க வேண்டும். ஒன்று டேங்க் நிரம்பியிருக்கும், அல்லது வீட்டில் ஆட்கள் கூடியிருப்பார்கள். குளிர்நாடுகளில் ஒருவருக்கு 5 சதுர மீட்டர் என்று கட்டுவது வழக்கம், வெப்பநாடுகளில் அதைவிடக் குறைவாகவும் கட்டுகிறார்கள். நான்கு பேருக்குக் கட்டிய படுகையில் எட்டுப் பேர் ஒரு மாதம் தங்கினால் அது திணறத்தான் செய்யும். அவர்கள் போனபின் தானே தேறும். அதுவரை வெளிவரும் தண்ணீரை மூடிய குழிக்குள் விடாமல், திறந்த வெளியில் கல்லடுக்கின்மேல் சிறிது தூரம் வழிந்தோடவிடுங்கள். காற்றுப் பட்டதும் வாடை தணியும்.

வெளிவரும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, நிறம் மாறுகிறது

நிறமற்ற கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெள்ளைச் சுவருக்கு முன்னால் வையுங்கள். உடனே ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பிடித்தபோது தெளிவாக இருந்து, வைக்க வைக்கப் பால்போல் வெளுத்தால் பயப்படாதீர்கள். கரைந்திருந்த சல்ஃபைடு காற்றுப் பட்டுக் கந்தகத் துகளாக மாறுகிறது. வாடைக்குச் சொன்ன அதே கதைதான். வெளிக்குழாயின் வாயில் வெள்ளை முடிபோல் இழைகள் ஆடினால் அவை கந்தகத்தைத் தின்று வாழும் பாக்டீரியா. ஆரஞ்சு நிறக் கூழ் என்றால் இரும்புப் பாக்டீரியா. இரண்டையும் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடலாம். தேநீர் தெளிவில் லேசான மஞ்சள் சாயல் இருந்தால் அது மக்கிய தாவரச் சாயம், ஒன்றும் செய்ய வேண்டாம். பச்சை என்றால் பாசி, படுகையில் அல்ல, வெயில் படும் சேமிப்புத் தொட்டியில்தான் உண்டாகியிருக்கும். மூடி போடுங்கள்.

பிடித்தவுடனேயே சாம்பல் நிறமாக இருந்து, அரை மணியில் அடியில் படிவு தங்கினால்தான் கவலைப்பட வேண்டும். கழிவுநீர் படுகைக்குள் தங்காமல் குறுக்குவழி பிடித்து ஓடுகிறது. தண்ணீர் மண்ணுக்குள் கசியாமலிருக்கப் படுகையின் அடியில் போட்ட விரிப்பின் ஓரமாகவோ, அடைத்த பகுதியைத் தாண்டி மேற்பரப்பு வழியாகவோ வழி கண்டிருக்கும். நுழைவில் ஒரு வாளி உப்புத் தண்ணீர் ஊற்றி, வெளிவாயில் சில மணிக்கு ஒரு தடவை மின்கடத்துத்திறன் மீட்டரில் அளந்து பாருங்கள். ஐந்து நாள் கணக்குள்ள படுகையில் அரை நாளிலேயே அளவு ஏறினால் குறுக்குவழி இருப்பது உறுதி.

வெளியே தண்ணீர் வரவே இல்லை

ஓட்டை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உயர்ந்து வளர்ந்த செடிகள் கடும் வெயில் நாளில் 8 மி.மீ. தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்கினால், 10 சதுர மீட்டருக்கு அது 80 லிட்டர். வீட்டில் ஒருவரோ இருவரோ சிக்கனமாக வாழ்ந்தால் வந்ததில் பெரும்பகுதி செடிக்கே போய்விடும்.

இரவில் சோதியுங்கள். செடிகள் இரவில் ஏறக்குறைய தண்ணீர் குடிப்பதில்லை. பொழுது சாய்ந்தபின் நுழைவை அடைத்துவிட்டு, தண்ணீர் மட்டம் பார்க்கப் படுகையில் செங்குத்தாக நிறுத்தியிருக்கும் சோதனைக் குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டு நனைந்த இடத்தில் கோடு போடுங்கள். வெளிவாயில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. விடியுமுன் மறுபடி குச்சியை விட்டுப் பாருங்கள். கோடு நகரவில்லையென்றால் படுகை திடமாக இருக்கிறது. 1 செ.மீ. இறங்கியிருந்தால், வெற்றிடக் கணக்குப்படி சுமார் 40 லிட்டர் ஒரே இரவில் மண்ணுக்குள் போயிருக்கிறது.

அடுத்து, நுழைவைத் திறக்காமல் இன்னும் சில இரவுகள் பாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே வந்து எந்த உயரத்தில் நின்றுவிடுகிறதோ, ஓட்டை அந்த உயரத்தில்தான். பெரும்பாலும் அது வெளிக்குழாய் விரிப்பைத் துளைத்துக்கொண்டு போகும் இணைப்பாக இருக்கும். ஆகவே அங்கே மட்டும் ஜல்லியை விலக்கினால் போதும். நாணல் வேர் நல்ல விரிப்பைச் சாதாரணமாகத் துளைக்காது, ஆனால் மூங்கில் துளைக்கும். படுகைக்குப் பக்கத்தில்கூட மூங்கில் வைக்காதீர்கள்.

செடிகள் வாடுகின்றன, மஞ்சளிக்கின்றன

ஒரு பக்கம் தழைத்து மறுபக்கம் நோஞ்சானாக இருந்தால் நுழைவுக் குழாய் சாய்ந்திருக்கிறது. தண்ணீர் முழுவதும் தாழ்ந்த பக்கத் துளைகள் வழியாகவே போகிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் பிடித்தால் இரண்டு மி.மீ. வித்தியாசம்கூடத் தெரியும். தாழ்ந்த பக்கம் தட்டையான கல் ஒன்றைச் செருகி நிமிர்த்துங்கள்.

புதிதாக நட்டவை வாடினால் வேர் இன்னும் தண்ணீரை எட்டவில்லை. மட்டத்தை வேர் தொடும் அளவுக்கு ஏற்றி, பிறகு வாரத்துக்கு இரண்டு செ.மீ. வீதம் தாழ்த்துங்கள். தண்ணீரைத் தேடி வேர் ஆழம் போகும். இலை விளிம்பு கருகினால் உப்பு. கடினநீரை மென்மையாக்கும் கருவி இருந்தால் அது கழுவி வெளியேற்றும் உப்புநீரைப் படுகைக்கு விடவே கூடாது. குளியல், துவையல் தண்ணீர் மட்டும் வரும் படுகையில் இலைகள் ஒட்டுமொத்தமாக வெளிறினால் அது நைட்ரஜன் பசி. கழிப்பறைத் தண்ணீரும் சேரும் படுகையில் இந்தக் குறை வராது.

வெட்டிய தழையை வெப்பமான ஊர்களில் படுகையிலேயே போட்டு வைக்காதீர்கள். மக்கி ஜல்லிக்குள் இறங்கி அடைக்கும். உறைபனி விழும் இடங்களில் மட்டும் குளிர்காலப் போர்வையாக விட்டுவைக்கலாம்.

கொசு

ஜல்லிக்கு மேல் தண்ணீர் தெரியாத படுகையில் கொசு முட்டையிட இடமே கிடையாது. ஆகவே வேறு இடங்களைத் தேடுங்கள்: மூடியில்லாத சோதனைக் குழாய், டேங்க் மூடியின் இடுக்கு, வலை கட்டாத காற்றுக் குழாய், சேமிப்புத் தொட்டி. வெப்பகாலத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும் என்பதால் வாரம் ஒரு தடவை சுற்றிப் பார்த்தால் பிடித்துவிடலாம். பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். உங்களுக்காக உழைக்கும் நுண்ணுயிர்களைத்தான் அது கொல்லும்.

செங்குத்துப் படுகையில் ஒரு மூலை மட்டும் எப்போதும் ஈரம்

இந்த வகைக்கு விட்டுவிட்டு ஊற்றுவதே உயிர். ஒரு தடவை முழுப் பரப்பும் நனைய வேண்டும், அது வடிந்து காற்று உள்ளே இறங்கியபின் அடுத்த தடவை. சைஃபன் தொட்டி (நிரம்பியதும் தானாகவே மொத்தத்தையும் கொட்டும் தொட்டி) வைத்திருந்தால் அது மொத்தமாகக் கொட்டாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறதா பாருங்கள். சைஃபனின் மணி வடிவ மூடியின் அடியில் முடி, நூல் சிக்கியிருக்கும், அல்லது அந்த மூடியில் விரிசல் இருந்து காற்று கசியும். பம்பு என்றால் மிதவை சிக்கியிருக்கும். மேல் மணலில் கறுப்புத் தோல் படிந்திருந்தால் அதைக் கிளறி உள்ளே புதைக்காமல், காயவிட்டுச் சுரண்டி எடுங்கள்.

பரிசோதனைத் தாளில் அம்மோனியா குறையவே இல்லை

மற்ற எல்லாம் குறைந்து இது மட்டும் அப்படியே இருந்தால் உங்கள் பராமரிப்பில் குறையில்லை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற சுமார் நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். படுக்கைவாட்டுப் படுகையால் அவ்வளவு கொடுக்க முடியாது. முன்னால் ஒரு சிறிய செங்குத்துப் படுகை சேர்ப்பதே தீர்வு. தோட்டத்துக்குத்தான் பாய்ச்சுகிறீர்கள் என்றால் அந்த நைட்ரஜன் உரமாகவே போகட்டும்.

கிருமி எண்ணிக்கையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 99 சதவீதம் நீங்கியது என்று தாளில் வந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். 100 மி.லி.யில் 1 கோடி இருந்தால் 99 சதவீதம் போனபின்னும் 1 லட்சம் மிஞ்சும். தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் பச்சையாகத் தின்னும் கீரை, காய்களுக்கு ஊற்றாதீர்கள், குழந்தைகளை அளையவிடாதீர்கள், தெளிப்பானில் விடாதீர்கள். மரங்களுக்கு மண்ணுக்கு அடியில் குழாய் போட்டு விடுங்கள்.

எல்லாம் சரிசெய்தும் ஆறு மாதத்துக்கொரு தடவை அடைக்கிறது

வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். துடைக்கும் ஈரத்தாள்கள் கரையாது, என்ன எழுதி விற்றாலும். சமையல் எண்ணெய் குழாய்க்குள் சூடாக இறங்கி ஜல்லியில் ஆறி உறைகிறது. சட்டியைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்துவிட்டால் பாதி போயிற்று. பலரும் கவனிக்காதது துணி துவைக்கும் இயந்திரம். செயற்கை நூலிழைகள் டேங்கில் அடங்குவதும் குறைவு, மக்குவதும் இல்லை. ஓய்வு கொடுத்தாலும் அவை ஜல்லிக்கிடையில் கம்பளிபோல் படிந்து கிடக்கும். இயந்திரத்தின் வெளிக்குழாய் முனையில் பழைய நைலான் காலுறையை நூலால் கட்டிவிடுங்கள். நாலைந்து துவையலுக்குள் அதன் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை சேர்ந்திருக்கும். அதைக் குப்பையில் உதறிவிட்டுக் காலுறையைத் திருப்பிக் கட்டுங்கள்.